பந்தி முடிந்த பிறகு: வழிபாட்டுத் தலங்களுக்கு ஒரு வேண்டுகோள்



பசி என்று வந்தவரை நம் புதுக்கோட்டை மாவட்ட ஊர்கள் வெறும் வயிற்றோடு அனுப்புவதில்லை. 2002-இல் தொடங்கிய அன்னதானத் திட்டத்தால் அறநிலையத் துறைக் கோயில்கள் பலவற்றில் மதியச் சாப்பாடு கிடைக்கிறது. ரமலானில் யார் தூக்குவாளி நீட்டினாலும் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுகிறார்கள். காட்டுபாவா பள்ளிவாசலுக்கும் ஆவூர் பெரியநாயகி மாதா கோயிலுக்கும் எல்லாச் சமயத்தாரும் போய்வருகிறோம்.

ஆனால், பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு அங்கே சாப்பிட்ட, வீடில்லாத பெரியவர் எங்கே போகிறார்? பேருந்து நிலையத்துக்கு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், பூட்டிய கடையின் தகரத்துக்கு அடியில் சிமென்ட் சாக்கை விரிக்கிறார். சாரல் அடித்தால் அதைச் சுருட்டிக்கொண்டு விடியும்வரை சுவரோடு ஒட்டி நிற்கிறார்.

2018 நவம்பரில் கஜா புயல் கூரைகளைப் பிய்த்தபோது பள்ளிகளையும் மண்டபங்களையும் திறந்துவிட்டோம். கூரையே இல்லாதவருக்கு ஒவ்வொரு மழையும் கஜாதான். எனவே கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்:

• மழை இரவுகளில் உங்கள் மண்டபத்தின் ஒரு பகுதியைத் திறந்துவிடுங்கள். பெண்களுக்குத் தனி இடமும் காவலும் வேண்டும்.

• வாரம் ஒருநாள் குளியல், முடிவெட்டு, மாற்றுத் துணி கிடைக்கச் செய்யுங்கள்.

• முகவரி இல்லாதவருக்கு ஆதார் எடுப்பதே பெரும்பாடு. ஆதார் இல்லாமல் முதியோர் உதவித்தொகைக்கு அலைய வேண்டியிருக்கிறது. தாலுகா அலுவலகத்துக்கு அவரோடு ஒரு தொண்டரை அனுப்புங்கள்.

• மனநலம் குன்றித் திரிபவரை ‘பைத்தியம்’ என்று விரட்டாதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அவரைப் பாதுகாத்து, பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது காவல் துறையின் கடமை. காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரையும் அணுகுங்கள்.

வருபவரின் சாதியையோ சமயத்தையோ கேட்க வேண்டாம். படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடவும் வேண்டாம். பேரையும் ஊரையும் மட்டும் பக்குவமாக விசாரியுங்கள். தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எங்கோ இருக்கலாம்.

பொதுமக்களே, உண்டியலில் போடுவதோடு நின்றுவிடாமல், உங்கள் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். யாரிடம் சாவி, எந்த அறை, எத்தனை பாய் என்பது வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடிவாகட்டும்.

இப்படிக்கு,
மூன்று சமய வழிபாட்டுத் தலங்களின் தொண்டர்கள்,
புதுக்கோட்டை.