நிலத்துக்கு மட்டுந்தானா உயில்?

குமராட்சி, காட்டுமன்னார்கோவில் பக்கம் ஒரு மா நிலத்துக்குக்கூட உயில் எழுதிவைக்கிறோம். வரப்பு எது, வாய்க்கால் எது, எந்தப் பம்பு செட்டில் யாருக்குப் பங்கு என்று வரிக்கு வரி இருக்கும். அதை எழுதியவர் கடைசியில் வென்டிலேட்டரில் எத்தனை நாள் கிடக்க வேண்டும் என்பதை மட்டும், ஐ.சி.யூ. வாசலில் அழுதுகொண்டு நிற்கும் மகன் ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்கிறான். குணமாகும் நம்பிக்கை அற்றுப்போன நிலையில் செயற்கை உயிர்நீட்டிப்பு வேண்டாமென்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மாஜிஸ்திரேட் முன்னிலையில் கையெழுத்து வேண்டும் என்ற நிபந்தனையும் 2023 ஜனவரியில் போய்விட்டது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று போதும். நகலை உள்ளாட்சி அமைப்பிடம் கொடுத்துவைக்கலாம், ஊராட்சி உட்பட. இதை நடைமுறைப்படுத்தக் கர்நாடகம் 2025 ஜனவரி 30 அன்று சுற்றறிக்கை விட்டது. நம் கிராமசபையில் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் நடுவே இதற்கு ஒரு வரி ஒதுக்க என்ன தடை?

இதை வெறும் சாவுச் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு போதும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், நுரையீரல் புற்றுநோய் முற்றிப் பரவிய 151 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு சேர்த்து, நோய் தெரிந்த உடனேயே வலிதணிப்புக் குழுவும் வந்தது. வலி எப்படி, நோயைப் பற்றி என்ன புரிந்திருக்கிறது, இனி எது முக்கியம் என்று உட்கார்ந்து பேசினார்கள். இந்த இரண்டாம் பாதியினருக்கு மனச்சோர்வு குறைந்தது; கடைசி வாரங்களில் உடம்பை வதைக்கும் சிகிச்சையும் குறைந்தது. ஆயுள்? முதல் பாதிக்கு 8.9 மாதம், இவர்களுக்கு 11.6 மாதம். சாவைப் பற்றிப் பேசினால் சாவு வந்துவிடும் என்று வாயைப் பொத்துகிறோமே, பேசியவர்கள் அல்லவா கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள்! இந்த உயிலை எழுதுவதும் அப்படியொரு பேச்சுதான்: எதற்காக உயிரோடு இருக்க ஆசைப்படுகிறேன் என்ற கேள்விக்குப் பதில் எழுத உட்காருகிறவர், பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பியைப் பற்றியும் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

அபசகுனம் என்பவர்களோடு வாதம் செய்ய நேரமில்லை. சொத்துக்காகப் பிள்ளைகளே கதையை முடித்துவிடுவார்கள் என்பது கொஞ்சம் கனமான ஆட்சேபம். ஆனால் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சரியென்று சொல்லாமல் எந்தக் குழாயையும் கழற்ற முடியாது. எழுத்தே இல்லாத இன்றைய நிலையில்தான் பேராசைக்காரப் பிள்ளைக்கு வசதி. 2024-ல் இதுபற்றி மத்திய அரசின் வரைவு வழிகாட்டுதல் வந்ததும் டாக்டர்களுக்கு மன அழுத்தம் என்று இந்திய மருத்துவ சங்கம் பதறியது. படுக்கையில் கிடப்பவரின் அழுத்தம் எந்தச் சங்கத்தின் கணக்கில் வரும்? வலிக்குத் தேவையான மார்ஃபினில் சுமார் 4 சதவீதம்தான் இந்தியாவுக்குக் கிடைக்கிறது என்று லான்செட் ஆணையம் 2017-ல் சொன்னதே, அதற்கு இந்தப் பதற்றத்தில் பாதியாவது காட்டியிருக்கலாம்.

மரணமில்லாப் பெருவாழ்வு பேசிய வள்ளலாரின் மண்ணில் இதென்ன பேச்சு என்றும் கேட்பார்கள். அவர் 1867-லேயே வடலூரில் தருமசாலை அடுப்பை மூட்டியவர். அடுத்தவன் வயிற்று வலியைத் தன் வலியாக எடுத்துக்கொண்டவர். அவர் பெயரைச் சொல்லி வலியில் துடிப்பவரை மெஷினில் கட்டிப்போடுவது எந்தச் சன்மார்க்கம்?

கொள்ளிடத்தைத் தாண்டினால் திருக்கடையூர். அறுபது நிறைந்தவர்கள் பிள்ளை, மருமகள், சம்பந்தி சகிதமாகப் போய், எமனை உதைத்த சாமி முன்னால் இன்னொரு முறை தாலி கட்டிக்கொள்கிறார்கள். முடிவெடுக்க வேண்டிய குடும்பம் மொத்தமும் அங்கேயே இருக்கிறது. அதே வாரத்தில் இந்தச் சிகிச்சை உயிலிலும் கையெழுத்துப் போடட்டும். குமராட்சி ஒன்றியத்தின் ஒவ்வொரு ஊராட்சியிலும் நகலை வாங்கிவைக்க ஒரு அலுவலரை மாவட்ட ஆட்சியர் நியமிக்கட்டும். பேசாத தம்பியைப் பற்றியும் யோசிக்க வைக்கிற எழுத்து இது; இந்தப் பக்கத்துப் பங்காளிச் சண்டைகளும் கொஞ்சம் குறையலாம்.