ராத்திரி வரை நின்ன நெற்பயிர் காலையில் சாஞ்சது எப்படி? பாபநாசம் வயலில் ஒரு பத்தாம் வகுப்பு பாடம்

ஐப்பசி மழை தொடங்கினாலே டெல்டாவில் இருந்து ஒரே காட்சிதான் வரும். அறுவடைக்குத் தயாரான குறுவை நெல், பாய் விரிச்ச மாதிரி தண்ணீரில் படுத்துக் கிடக்கும். நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிற பாபநாசம் பகுதியும் இதற்கு விலக்கல்ல.

கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல், ஒரே ராத்திரியில் மொத்தமாகச் சாய்வது ஏன்? பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமான 'இயக்க விதிகள்' இதற்குப் பதில் சொல்கிறது.

கதவும் கதிரும்

கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளினால் லேசாகத் திறக்கும். கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள், அசையாது. விசை ஒன்றுதான், தூரம்தான் வேறு. விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவதுதான் திருப்புத்திறன்.

நெல்லுக்குக் கீல் அடித்தூர். கைப்பிடி, உச்சியில் தொங்கும் கதிர். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் விசை கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். ஆனாலும் வெறும் காற்று என்றால் பயிர் ஆடிவிட்டு நிமிர்ந்துவிடும்.

சிக்கல் மழையோடு சேரும்போதுதான். முற்றிய கதிரில் தண்ணீர் ஏறி எடை கூடுகிறது. நேராக நிற்கும்வரை அந்த எடை அடித்தூர் வழியாகத் தரைக்குப் போய்விடும். கொஞ்சம் சாய்ந்ததும் எடை தூரைத் தாண்டி வெளியே விழுகிறது. இன்னும் சாய்ந்தால் தூரம் கூடுகிறது, இழுக்கும் திருப்புத்திறனும் கூடுகிறது. அதாவது, சாய்வதே மேலும் சாய வைக்கிறது. விழுந்த பயிர் பக்கத்துப் பயிரையும் அமுக்கும். அதனால்தான் விடிவதற்குள் வயலே படுத்துவிடுகிறது.

கீழே தேங்கிய தண்ணீர் மண்ணைச் சேறாக்கி வேரின் பிடியைத் தளர்த்துவது தனிக்கதை. வடிகால் வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி விவசாயிகள் கத்துவதில் இந்த இயற்பியலும் இருக்கிறது.

குட்டை ரகம் வந்த காரணம்

பழைய ரகங்கள் பல நெட்டையானவை. உரம் போட்டுக் கதிர் கனத்தால் சாய்ந்துவிடும். 1966-ல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.8, தைவானின் குட்டை ரகத்தை ஒட்டுச் சேர்த்து உருவானது. உயரம் குறைந்தால் திருப்புத்திறனும் குறையும், அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் யூரியாவை அளவுக்கு மீறிப் போட்டால் குட்டை ரகத்தின் தாளும் நீண்டு, மெலிந்து, சாய்ந்துவிடும்.

சாய்ந்த பிறகு?

நாலைந்து தூரைச் சேர்த்துக் கட்டி நிமிர்த்தலாம். அடிப்பரப்பு அகலமாவதால் நிற்கும். ஆனால் ஏக்கர் கணக்கில் கட்ட ஆளும் கிடையாது, கூலியும் கட்டுப்படியாகாது.

சேற்று வயலில் டயர் வண்டி புதைந்துவிடும். பெல்ட் மெஷின்தான் இறங்கணும். எடை அகலமான பரப்பில் பரவுவதால் தரையில் அழுத்தம் குறையும். இது எட்டாம் வகுப்புப் பாடம். படுத்த பயிரை அறுக்க நேரம் கூடுதலாகும். வாடகை மணிக்கணக்கு என்பதால் செலவும் ஏறும்.

இதற்குள் தண்ணீரைத் தொட்ட நெல் முளைக்கத் தொடங்கும். மிச்சத்தை அள்ளிக்கொண்டு போனால், நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கணும். இதைத் தளர்த்தச் சொல்லித்தான் மழை ஆண்டுகளில் மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதுகிறது. பதில் வரும்வரை நெல் ரோட்டோரத்தில் காயும், இல்லை நனையும்.