அந்நிய முத்திரையும் எமது திரையும்

ஈழத்துத் தமிழ்த் திரைப்படம் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் ஒரு குரல் தவறாது ஒலிக்கின்றது. வெளிநாட்டு விழாக்களிற் பரிசு பெற்ற பின்னரே எமக்கு மதிப்புண்டாகும் என்பதே அது. இதற்குச் சான்றாகச் சீனத் திரைப்படத்தைச் சுட்டுவோரும் உளர். அச்சான்றையே சற்று உற்றுநோக்குவோம்.

1988இல் சாங் யிமோவின் 'சிவப்புச் சோளம்' பெர்லினில் தங்கக் கரடி விருதைப் பெற்றது. 1993இல் சென் கைகேயின் படமொன்று கான் விழாவின் தங்கப் பனையைப் பகிர்ந்துகொண்டது. சாங் யிமோ அந்நியர் காண விரும்பும் சீனாவையே காட்டுகிறார் என்ற கண்டனம் அக்காலத்திற் சீனாவிலேயே எழுந்தது. அப்பாதையின் எல்லையை 2016இல் அவரே தொட்டார். அமெரிக்க நடிகர் மாட் டேமனை நாயகனாக்கி, உலகச் சந்தையை நோக்கி அவர் எடுத்த 'பெருஞ்சுவர்' அமெரிக்காவிலேயே ஏமாற்றமளித்தது. மாறாக, தம் புராணக் கதையொன்றைத் தம் மொழியிற் கூறிய 'நே சா 2' 2025இல் 200 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் ஈட்டியது. அதன் மிகப் பெரும்பகுதி சீன மக்களே கொடுத்த பணமாகும். உலகம் அதன் பின்னரே திரும்பிப் பார்த்தது.

எமது நாட்டு வரலாறும் இதனையே உரைக்கின்றது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கம்பெரலிய' 1965இல் புதுதில்லியில் தங்க மயில் விருதை வென்றது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி, தென்னிலங்கைக் கிராமக் குடும்பமொன்றின் வீழ்ச்சியை அமைதியாகக் கூறிய படம் அது. வேற்று நாட்டார் வியப்பதற்கென அதில் எதுவும் திணிக்கப்படவில்லை.

தமிழில் அத்தகைய முயற்சிகள் இல்லாமலில்லை. சாதியக் கொடுமையைப் பேசிய தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' 1977இலும், செங்கை ஆழியானின் நாவலிலிருந்து பிறந்த, மீனவர் வாழ்வைக் கூறும் 'வாடைக்காற்று' 1978இலும் வெளிவந்தன. இவை தொடர்ந்து ஒரு மரபாக வளராமைக்குப் பரிசின்மையா காரணம்? அன்று. தமிழகப் படங்களின் வெள்ளத்திடையே எமது படங்களுக்குப் படமாளிகைகளில் இடம் அரிதாயிற்று. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையாயிற்று. பார்வையாளரும் களமும் இழந்த கலைக்கு அந்நிய விருது எவ்வாறு உயிரூட்டும்? 2015இல் பெரும்பாலும் தமிழிலேயே பேசிய 'தீபன்' தங்கப் பனையை வென்றது. ஆயினும் அது பிரெஞ்சு இயக்குநர் ஒருவரின் பிரெஞ்சுப் படம். எமது துயர் மேடையேறியது. எமது திரைப்படத்துறை ஏறவில்லை.

புத்தளம் கரையோரத்தில் வாழும் எமக்கு இவ்வினா வெறும் ஏட்டு விவாதமன்று. உடப்புத் திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்பு அந்நியப் படப்பிடிப்பாளனுக்குக் கவர்ச்சியான காட்சி. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல் அவனுக்கு இனிய பின்னணி. ஆனால், அவ்வலை இழுப்பவனின் கடன் சுமையும், 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இம்மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்த முஸ்லிம் மக்களின் அகதி வாழ்வும் விழாவுக்கேற்ற அலங்காரங்களாகா. முத்திரை தருவோனை நோக்கிப் படமெடுப்பவன் முதற் காட்சியை வைத்துக்கொள்வான், பின்னதை வெட்டியெறிவான். இதுவே யாம் அஞ்சும் ஆபத்து.

தமிழ்ப் பார்வையாளர் தொகை சிறிது, ஆகவே கடல் கடந்தே ஆகவேண்டும் என்பர். கடலுக்கு முன்னர் களப்பைக் கடப்போம்! சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். தமிழ் பேசிய பாட்டன்மாரின் பேரர் சிங்களம் பேசும் ஊர்களும் இங்குண்டு. எமது முதல் 'வெளிநாட்டுப்' பார்வையாளன் அடுத்த வீட்டிலேயே இருக்கின்றான். அவனுக்காகச் சிங்கள எழுத்துரையுடன் தமிழ்ப் படங்களும், எமக்காகத் தமிழ் எழுத்துரையுடன் சிங்களப் படங்களும் கிராமந்தோறும் காட்டப்படல் வேண்டும். அப்பணியைத் திரைப்படக் கூட்டுத்தாபனம் தொடங்கும்வரை காத்திராது, பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களே தொடங்கலாம்.

விருதை நாம் வெறுக்கவில்லை. அது வரின் வரட்டும். ஆனால் உடப்பு மீனவன் "இது என் வாழ்வு" என ஏற்காத படத்திற்குக் கான் நகரம் சூட்டும் மாலை, கலைஞனுக்குப் பெருமையாகலாம். எமது கலைக்கு வாழ்வாகாது.