ஒரே மேடையில் நின்று பேசட்டும்

சூரியனிலிருந்து கிளம்பும் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள், கட்டைவிரல் நகம் அளவே உள்ள இடத்தை நொடிக்கு 6,000 கோடிக்கும் மேலாக ஊடுருவிப் போகின்றன. இதைப் படிக்கும் இந்த நேரத்திலும் போய்க்கொண்டிருக்கின்றன. உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிறகு, கதிர்வீச்சு வரும் என்ற பயம்தான் பலர் மனதில் முதலில் புகுந்தது.

அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. ஆனால், மலையைக் குடைந்து சுமார் 2 கி.மீ. சுரங்கம் போட வெடி வைத்தால் பாறைக்கும் நிலத்தடி நீருக்கும் என்ன ஆகும், மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறு காட்டுக்கும் இடையே புலிகள் நடமாடும் தடம் என்ன ஆகும் என்ற கவலைகள் முழுக்க நியாயமானவை. 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் இத்திட்டத்தை எதிர்த்தபோது, புலிகளின் வழித்தடத்தைச் சுட்டிக்காட்டியது.

பொய்யான பயத்தையும் நியாயமான கவலையையும் பிரித்துக் காட்டும் இடம் மக்களுக்கு வேண்டாமா? ஒப்புதலுக்கும் இந்த எதிர்ப்புக்கும் இடையில் 2016, 2019, 2021 என மூன்று பொதுத்தேர்தல்கள் வந்து போயின. நம் ஊர் வழக்கமோ, அவரவர் மேடையில் அவரவர் கூட்டத்துக்குப் பேசிவிட்டுப் போவது. அங்கே யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

அதனால்தான் சொல்கிறோம்: வேட்பாளர்கள் அறிவியல் கொள்கை பற்றி ஒரே மேடையில், நேருக்கு நேர் விவாதிக்க வேண்டும்.

வேட்பாளர் என்ன விஞ்ஞானியா என்று கேட்பார்கள். அவர் பொருளாதார மேதையுமல்ல. ஆனாலும் பட்ஜெட்டைப் பற்றிப் பேசுகிறார், வாக்குக் கேட்கிறார். நியூட்ரினோவின் நிறை எவ்வளவு என்று அவரைக் கேட்கப்போவதில்லை. இந்த ஆய்வுக்கு அரசுப் பணம் தரலாமா, ஊராரிடம் எப்போது ஒப்புதல் கேட்பீர்கள், நிபுணர் அறிக்கை உங்கள் கட்சி நிலைப்பாட்டுக்கு எதிராக வந்தால் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்கப்போகிறோம். கூடங்குளத்தில் பயன்படுத்தி முடித்த அணு எரிபொருளை எங்கே வைப்பது என்பதும் இதே வகைக் கேள்விதான். வாக்கெடுப்பு நடத்தி அறிவியல் உண்மையை முடிவு செய்ய முடியாது. அந்த உண்மையை வைத்து என்ன செய்வது என்பதை மக்கள் பிரதிநிதிதான் முடிவு செய்கிறார்.

அமெரிக்காவில் 2008 அதிபர் தேர்தலின்போது விஞ்ஞானிகளும் எழுத்தாளர்களும் சேர்ந்து இப்படியொரு விவாதத்துக்கு அழைத்தார்கள். மேடை விவாதம் நடக்கவில்லை. ஒபாமாவும் மெக்கெய்னும் 14 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தந்தார்கள். அதுவும் பயனுள்ளதே. ஆனால் எழுதிக் கொடுக்க ஆட்கள் இருப்பார்கள். எதிரே நிற்பவர் மடக்கிக் கேட்கும்போது பதில் சொல்ல வேட்பாளர்தான் வாய் திறக்க வேண்டும்.

பெரிய செலவு எதுவும் இல்லை. மாவட்டந்தோறும் கல்லூரி அரங்குகள் இருக்கின்றன; தமிழில் தெளிவாக விளக்கக்கூடிய ஆசிரியர்களும் இருக்கிறார்கள். எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் எழுத்துமூலம் அழைக்கலாம். வராதவரின் நாற்காலி காலியாகவே மேடையில் இருக்கட்டும். தேனி மாவட்டத்திலேயே தொடங்கலாம். முதல் கேள்வியைப் பொட்டிப்புரத்து விவசாயி ஒருவர் கேட்கட்டும்.