பகுதியும் விகுதியும் மதிப்பெண்ணுக்கு மட்டுமா?

பகுபத உறுப்பிலக்கணம் பரீட்சைக்கு உதவும், சொல்வளத்துக்கு உதவாது. பிள்ளைகள் நிறையப் படித்தால் சொல் தானாக வரும். ஆசிரியர் அறைகளில் இது ஏறக்குறைய முடிந்த முடிவாகவே ஆகிவிட்டது. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் நிற்கவில்லை என்பதே என் எண்ணம்.

பிரித்துப் பார்ப்பதால் எவருக்கும் புதுச்சொல் தெரிவதில்லை என்பது முதல் காரணம். 'நடந்தனன்' என்பதை நட + த்(ந்) + த் + அன் + அன் என்று ஒப்பிக்கும் மாணவனை வைத்துச் சொன்னால் அது உண்மைதான். ஆனால் அந்த உறுப்புகள் காலத்தையும் பாலையும் காட்டுபவை. சொல்லைப் பெருக்கும் ஒட்டுகள் வேறு. அவற்றைத்தான் நாம் வகுப்பில் தொடுவதே இல்லை. 'ஆள்' என்ற ஒரே அடியிலிருந்து ஆட்சி, ஆட்சியர், ஆளுகை, ஆளுநர், ஆளுமை எல்லாம் கிளைக்கின்றன. 'மா' என்றால் பெரிய என்று ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். மாவட்டம், மாநிலம், மாநகராட்சி மூன்றும் அன்றைக்கே விளங்கிவிடும். மாமல்லபுரமும் விளங்கும்: மாமல்லன், பெரிய மற்போர் வீரன், முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர்.

இது ஆங்கிலப் பாடமுறை, தமிழுக்கு ஒட்டாது என்பாரும் உண்டு. தமிழில் முன்னொட்டு குறைவு, பின்னொட்டே மிகுதி, அதுவரை சரி. ஆனால் சொல்லை உறுப்புகளாகப் பிரிப்பது ஆங்கிலத்திடம் வாங்கிய இரவல் அன்று. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்புகளைப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தது 13ஆம் நூற்றாண்டில்.

பிரித்துப் படித்தால் தப்பான பொருள் வந்துவிடும் என்பது இன்னொரு காரணம். இதை மட்டும் நான் லேசாகத் தள்ளமாட்டேன். மாமல்லபுரத்து வராக மண்டபத்தைக் குடைவரை என்கிறோம். 'குடை' என்றதும் மழைக்குப் பிடிக்கும் குடைதான் பிள்ளைக்கு நினைவு வரும். 'வரை' என்றால் கோடு வரைவது. ஆனால் காது குடைகிறோம், மரத்தை வண்டு குடைகிறது என்று அந்தப் பிள்ளையே தினமும் பேசுகிறது. அதை எடுத்துக்கொடுத்து, வரைக்கு மலை என்ற பொருளும் உண்டு என்று சேர்த்தால், மலையைக் குடைந்து செய்தது குடைவரை என்பது துலங்கும். ஐந்து ரதங்களைக் குடைவரை என்று ஏன் சொல்வதில்லை, ஒற்றைக்கல் கோயில் என்று ஏன் சொல்கிறோம் என்ற அடுத்த கேள்வியும் அங்கேயே பிறக்கும். பிழை வருவது பிரிப்பதால் அன்று, பாதியில் விடுவதால். பிரித்துக் கண்ட பொருள் வாக்கியத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வைப்பதும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

நிறையப் படித்தால் போதும் என்பது கடைசி வாதம். படிக்கட்டும், யாரும் தடுக்கவில்லை. ஆனால் 'ஈனுலை' என்ற சொல்லை ஒரு மாணவி எத்தனை புத்தகத்தில் சந்திப்பாள்? கல்பாக்கத்தில் சோதனை ஈனுலை இயங்கத் தொடங்கியது 1985இல். மாடு கன்று ஈன்றது என்பது அவளுக்குத் தெரியும். எரிக்கும் எரிபொருளைவிடக் கூடுதலாகப் புது எரிபொருளை ஈனக்கூடிய உலை என்று சொன்னால், சொல்லோடு அறிவியலும் சேர்ந்து வரும்.

தவிர, வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளையிடம் 'நிறையப் படி' என்று சொல்வது எனக்குக் கைகழுவுவதாகவே படுகிறது. கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைக்குப் புத்தகம் குறைவாக இருக்கலாம், சொல் குறைவில்லை. வலையில் மீன் படுகிறது, கிடைத்தது மீன்பாடு. 'படு' நீண்டு 'பாடு' ஆனது. அதே வழியில் கெடு கேடாகும், சுடு சூடாகும், பெறு பேறாகும். இதைக் கரும்பலகையில் எழுதினால், சுகாதாரக்கேடு என்று செய்தித்தாளில் வருவதும், செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் மகப்பேறு என்று எழுதியிருப்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்களாகிவிடும். வினாத்தாளிலும் 'உறுப்பிலக்கணம் தருக' என்பதோடு, ஓர் அடிச்சொல்லைக் கொடுத்து 'இதிலிருந்து ஐந்து சொல் ஆக்குக' என்று ஒரு கேள்வி சேர்க்க வேண்டும்.