அமாவாசைக் கூட்டத்துக்கு அத்தைமார்களையும் கூப்பிடுங்க

எங்க குலதெய்வக் கோயில்ல மாசாமாசம் அமாவாசை பூசை முடிஞ்சதும் பங்காளிக எல்லாம் உக்காந்து பேசிட்டு, சாப்பிட்டுட்டுக் கிளம்புறது வழக்கம். கொஞ்ச காலமா அதுல ஒரு சிறப்புப் பேச்சும் சேந்திருக்கு. வெளியூர்ல இருந்து யாரையாவது அழைச்சுட்டு வந்து, குல வரலாறு பத்தி ஒரு மணி நேரம் பேசச் சொல்றாங்க. நல்ல ஏற்பாடுதானுங்க. இல்லைன்னா மஞ்சள் விலையையும் மோட்டார் காயில் எரிஞ்சதையும் பேசியே பொழுது போயிரும்.

ஆனா வர்றவங்கள்ல பாதிப் பேரு ஒரே கதையத்தான் சொல்றாங்க. நம்ம முன்னோர் சேரன் படையில தளபதி, ராசா குதிரை குடுத்தாரு, ஊர் குடுத்தாருன்னு ஆரம்பிப்பாங்க. எல்லாரும் கை தட்டுவோம். அப்புறம் அங்கிருந்து ஒரே தாவு, நேரா நம்ம காலத்துக்கு வந்துருவாங்க. நடுவுல பல நூறு வருஷம் இருக்கே, அதுல எங்க ஆளுக எல்லாரும் தளபதியாவா இருந்தாங்க? எங்க அப்பாரு கவலை ஓட்டித் தண்ணி இறைச்சவரு. விடியக்காலம் மூணு மணிக்கு எருதைப் பூட்டுனா வெயில் ஏறுற வரைக்கும் முன்னும் பின்னும் நடக்கணும். அவரைப் பத்திப் பேச ஒரு பேச்சாளரும் வரலை.

குடும்ப வரலாறுங்கிறது நம்ம பெரியவங்க வாயில வேற மாதிரி இருக்குது. அவங்க வருஷம் நம்பர் சொல்ல மாட்டாங்க. "வாய்க்கால் வந்த வருஷம் எனக்குக் கல்யாணம்"பாங்க. எல்.பி.பி. வாய்க்காலத்தான் சொல்றாங்க. பவானிசாகர் அணை வேலை 1948-ல ஆரம்பிச்சு 1955-ல முடிஞ்சது. சுமார் 200 கிலோமீட்டர் வாய்க்கால், ரெண்டு லட்சம் ஏக்கருக்கு மேல பாசனம். கம்பும் சோளமும் வெதச்ச காட்டுல நெல்லு நட்டாங்க. கல்யாண சம்பந்தமே மாறுச்சு, மேட்டாங்காட்டுக்குப் பொண்ணு குடுக்க யோசிச்சவங்க வாய்க்கால் பாசனம்னதும் தேடி வந்தாங்க. இது குடும்ப வரலாறு இல்லாம வேற என்னங்க?

இன்னும் மேல போனா தாது வருஷப் பஞ்சம்பாங்க. 1876-ல ஆரம்பிச்ச பஞ்சம் அது. இதுல ஒரு சிக்கல் உண்டு. தமிழ் வருஷப் பேரு 60 வருஷத்துக்கு ஒருக்கா திரும்ப வரும். 1936-ம் தாது, 1996-ம் தாது. அதனால "தாது வருஷம் பொறந்தவரு"ன்னு ஒருத்தர் சொன்னா எந்தத் தாதுன்னு கூடவே ரெண்டு கேள்வி கேக்கணும். அந்தக் கேள்விய யாரு கேக்கறது? வெளியூர்ப் பேச்சாளருக்கு அது தெரியாது. கூடப் பொறந்தவங்கதான் கேக்கணும்.

வந்தவங்கள்ல உருப்படியாப் பேசுனவரு ஒரு ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர். அன்னைக்கு டீ ஆறிப் போனதுகூடத் தெரியாமக் கேட்டோம். 1980 நவம்பர் வரைக்கும் கர்ணம், மணியகாரர் எல்லாம் பரம்பரை வேலை, ஊர்க் கணக்கெல்லாம் அவங்க வூட்டுப் பெட்டியில இருந்துச்சு, எம்.ஜி.ஆர். அதை ஒழிச்சாருன்னு ஆரம்பிச்சாரு. அப்புறம் யு.டி.ஆர். கணக்கு, அதாவது 1979-ல இருந்து 1987 வரைக்கும் நில உடைமையத் திருப்பி எழுதுனது. அதுக்கும் முன்னாடி செட்டில்மென்ட் ரிஜிஸ்டர். அதுல பட்டாதாரர் பேரு, தகப்பன் பேரோட இருக்கும்னாரு. எனக்குப் பிடிச்சது அவர் சொன்ன உட்பிரிவு விஷயம். 112-ன்னு இருந்த சர்வே நம்பர் 112/1, 112/2ஏ, 112/2பி-ன்னு உடையுதுன்னா, பெரும்பாலும் அங்க ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்கு. அண்ணன் தம்பி எப்பப் பிரிஞ்சாங்க, கிணத்துல யாருக்கு எத்தனை பங்கு, எல்லாம் பத்திரத்துல கிடக்குது. செக்குபந்தி படிச்சா பக்கத்துக் காட்டுக்காரன் பேரும் கிடைக்கும். அவங்க இன்னைக்கு ஊர்லயே இல்லாமக்கூட இருக்கலாம். பேரு மட்டும் எல்லையில நிக்கும்.

இதெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். இப்ப நான் எழுத வந்தது அந்த வம்சாவளிப் புஸ்தகத்தப் பத்தி.

கூட்டத்துல பேசிப் பேசி, நம்ம பங்காளிக எல்லாத்தோட வம்சாவளியையும் புஸ்தகமாப் போடலாம்னு முடிவு பண்ணியிருக்காங்க. மாதிரிப் படி ஒண்ணு கைக்குக் கை போச்சு. அப்பாரு, அவரு மகன், அவரு மகன், அவரு மகன். கட்டிட்டு வந்த பொம்பளைக சில இடத்துல "மனைவி"ன்னு இருக்காங்க, பேரு இல்லை. பொறந்த பொண்ணுக எங்கயுமே இல்லை. கேட்டா, "குலம் ஆம்பளை வழியாத்தான வருது, கட்டிக் குடுத்தா அவங்க வேற குலம்"னு பதில் வருது.

யாரு யாரைக் கட்டலாம், கட்டக் கூடாதுன்னு பார்க்கிறதுக்கு அந்தக் கணக்கு சரி. வரலாறுக்கு அது போதாது. எங்க அப்பாரு நடுவயசுலயே போய்ட்டாரு. அப்புறம் கவலை ஓட்ட ஆள் வெச்சு, வட்டி கட்டி, நாலு புள்ளைகளக் காப்பாத்துனது எங்க ஆத்தா. அந்தப் புஸ்தகப்படி பாத்தா அப்பாருக்கு அப்புறம் நேரா எங்க அப்பா. நடுவுல இருபது வருஷம் காட்டைப் பாத்தது யாருன்னு அதுல இல்லை.

இன்னொண்ணும் சொல்றேன். தமிழ்நாட்டுல 1989-ல பொண்ணுகளுக்கும் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு சட்டம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லைன்னு ஒரு நிபந்தனை வெச்சிருந்தாங்க. 2005-ல மத்திய அரசு திருத்தத்துல அதுவும் போச்சு. இன்னைக்கு ஒரு ஏக்கர் விக்கணும்னா பத்திரம் எழுதறவரு மொதல்ல கேக்கறது வாரிசுச் சான்றிதழ். உடனே பெங்களூர்ல இருக்கற தங்கச்சிக்குப் போனு, கோயமுத்தூர்ல இருக்கற அக்காவுக்குப் போனு. செத்துப் போன அத்தையோட புள்ளைக எத்தனை பேருன்னு விரல் விட்டு எண்ணுறோம். எல்லாரு பேரும் நல்லா ஞாபகம் வருது. ஒரு சேலைய எடுத்துக் குடுத்து விடுதலைப் பத்திரத்துல கையெழுத்தும் வாங்கிடறோம். கையெழுத்துக்கு வேணுங்கற பேரு வம்சாவளிக்கு மட்டும் எப்படிங்க வேண்டாமப் போச்சு?

பக்கம் அதிகமாகும், செலவு ஆகும்னு ஒருத்தர் சொன்னாரு. முன்னாடி பதினாறு பக்கம் நன்கொடையாளர் கலர் போட்டோ போடறதா இருக்காங்க. அதை எட்டாக் குறைச்சாப் போதும்.

செலவு பத்தின பேச்செல்லாம் சாக்குதான்னு நான் நினைக்கறேன். உள்ள இருக்கற பயம் வேற. பொண்ணுக பேரை எழுத ஆரம்பிச்சா, சாதி விட்டுக் கட்டிக்கிட்டவ பேரு வரும். போட்டோவ எரிச்சு, தலை முழுகி, இருபது வருஷமாப் பேரையே எடுக்காத வூடுக நம்ம பங்காளிகள்லயே இருக்கு. அந்தப் பேரை அச்சுல பாக்க அவங்களுக்குத் தைரியம் இல்லை. எழுதாம விட்டுட்டா அவ அந்த வூட்டுல பொறக்கலைன்னு ஆயிருமா? அவளுக்கும் புள்ளைக இருக்கு. நாளைக்கு அதுக வந்து எங்க அம்மாயி எந்த ஊருன்னு தேடுனா, நம்ம புஸ்தகத்துல ஒண்ணும் இருக்காது. பாதி மரத்த வெட்டிப்போட்டு அதுக்கு வம்சாவளின்னு பேரு வெக்கறதுக்கு, புஸ்தகமே போடாம இருக்கலாம்.

பொம்பளைகளுக்குத் தெரிஞ்ச அளவு நமக்குத் தெரியவும் தெரியாது. போன தை அமாவாசைக்குப் பேச வந்தவரு, ராசா மானியமாக் குடுத்ததுனாலதான் நம்ம ஆளுக இந்த ஊருக்கு வந்தாங்கன்னாரு. பொறந்த ஊருக்கு விருந்தாளியா வந்திருந்த அத்தை ஒருத்தரு பின்னாடி இருந்து, "அது அப்படி இல்லீங் தம்பி, பஞ்சத்துல தண்ணி தேடி வந்தாங்கன்னு எங்க ஆத்தா சொல்லும். மொதல்ல வெட்டுன கிணறு மண்ணு சரிஞ்சு ரெண்டு பேரு போய்ட்டாங்களாம்"னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. "அவரு பேசட்டும் விடு அத்தை"ன்னு யாரோ சொன்னாங்க. பேச்சாளர் குதிரைப் படைக்குத் திரும்பிப் போய்ட்டாரு. எந்தக் கிணறு, செத்தது யாருன்னு ஒருத்தரும் கேக்கலை. அன்னைக்குப் பந்தி முடிஞ்சு நான் போய்க் கேட்டேன். கிணத்த அடையாளம் சொன்னாங்க. இப்ப அது தூந்து போய் மேல சீமைக்கருவேல நிக்குது. செத்தவங்கள்ல ஒருத்தர் பேரு சொன்னாங்க, இன்னொருத்தர் பேரு அவங்க அக்காவுக்குத் தெரியும்னாங்க.

கமிட்டிக்காரங்ககிட்ட நான் கேட்டிருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு மாசத்துக்கு வெளியூர்ப் பேச்சாளர் வேண்டாம். கட்டிக் குடுத்த அக்கா, தங்கச்சி, அத்தை எல்லாத்தையும் கூப்பிட்டு, அவங்களப் பேச விட்டு, செல்போன்ல பதிவு பண்ணுங்க. சமையக்கட்டுல நிக்க வெக்காம பாயில உக்கார வைங்க, அன்னைக்கு ஒரு நாளைக்கு நாம பரிமாறுவோம். காலேஜ் படிக்கற புள்ளைக நாலு பேரு நோட்டுல எழுதித் தர்றதாச் சொல்லியிருக்காங்க. "பாக்கலாம்"னு பதில் வந்திருக்கு.

அந்த அத்தையோட அக்காவுக்கு இப்ப 86 வயசு. கூட்டியாற காருக்கு நான் சொல்லிட்டேன்.