கதைக்காத படம் சொல்லும் கதை

பிள்ளைகளே, எங்கள் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லுக்குப் பக்கத்தில், சென்-மிஷெல் பகுதியில், ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. அங்கே புல்வெளியில் பெரிய பெரிய வெள்ளை உருண்டைகள் நிற்கும். வேறு கிரகத்தில் இறங்கிவிட்டோமோ என்று தோன்றும். முன்பு அந்த இடத்தில் கல் உடைத்தார்கள். பிறகு நகரத்துக் குப்பையை அங்கே கொட்டினார்கள். நிலத்துக்குக் கீழே அந்தக் குப்பையிலிருந்து இப்போதும் வாயு வருகிறது. அதைச் சேகரிக்கும் கிணறுகளைத்தான் வெள்ளை உருண்டைகள் மூடி நிற்கின்றன.

அந்தப் பூங்காவின் பெயர் பிரெடெரிக் பாக் பூங்கா. யார் அந்த பிரெடெரிக் பாக்? நகர மேயரா? ஹாக்கி வீரரா? இரண்டும் இல்லை. அவர் கார்ட்டூன் படம் வரைந்தவர்!

அவர் 1924ஆம் ஆண்டு ஐரோப்பாவில் பிறந்தார். 1948இல் கனடாவுக்கு வந்தார். எங்கள் குடும்பங்களைப் போல அவரும் வேறு நாட்டிலிருந்து வந்தவர்தான். மொன்றியலில் ரேடியோ-கனடா நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தார். அங்கே அவர் 1981இல் செய்த படம் ஒன்றின் பெயர் 'கிராக்!'. 15 நிமிடப் படம். அடுத்த ஆண்டு அதற்கு ஆஸ்கார் விருது கிடைத்தது.

இந்தப் படத்தை நீங்கள் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தனியாகப் பார்க்க வேண்டாம். உங்கள் அம்மம்மாவோடு, அப்பப்பாவோடு, அல்லது வீட்டில் இருக்கும் வேறு ஒரு பெரியவரோடு பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கதையைக் கேளுங்கள். ஒருவர் காட்டில் ஒரு மரத்தை வெட்டுகிறார். மரம் முறியும் ஒலிதான் பிரெஞ்சில் 'கிராக்'. தமிழில் நாங்கள் 'மடார்' என்போம், 'சடக்' என்போம். அந்த மரத்தில் அவர் ஓர் ஆடும் கதிரை செய்கிறார். அவருக்குக் கல்யாணம் நடக்கிறது. பிள்ளைகள் பிறக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கதிரை விளையாட்டுத் தோழன் ஆகிறது. காலம் ஓடுகிறது. கிராமம் மாறுகிறது, நகரம் வளர்கிறது. பழைய கதிரையை எறிந்துவிடுகிறார்கள். பிறகு அருங்காட்சியகக் காவலாளி ஒருவர் அதைக் கண்டெடுக்கிறார். அதைத் திருத்தி, நிறம் பூசி, தான் வேலை செய்யும் இடத்துக்குக் கொண்டுபோகிறார். அங்கே வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கதிரையை நல்லாப் பிடித்துப் போகிறது.

கதை இவ்வளவுதான். படத்தில் வசனம் இல்லை. இசையும் ஒலிகளும்தான் இருக்கின்றன. வயலின் துள்ளித் துள்ளிப் போகும்.

உங்களில் சிலர் இப்போதே முகம் சுளிப்பீர்கள். "என்ன இது, ஒருத்தரும் கதைக்கினமில்லையே! போரடிக்குமே!" என்பீர்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். இன்றைய படங்களில் கார், மீன், பொம்மை எல்லாம் வாய் ஓயாமல் கதைக்கின்றன. பகிடி விடுகின்றன. நானும் அவற்றைப் பார்த்துச் சிரிப்பேன். ஆனால் ஒரு பாத்திரம் "எனக்குக் கவலையாக இருக்கு" என்று வாயால் சொல்லிவிட்டால், நாங்கள் அதன் தோளையும் நடையையும் கவனிப்பதில்லை. காது வேலை செய்கிறது, கண் சும்மா இருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை செய்வோம். எழும்பிக் கதவு வரைக்கும் நடவுங்கள். முதலில், பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளையைப் போல நடவுங்கள். அடுத்து, விளையாட்டில் தோற்ற பிள்ளையைப் போல. கடைசியாக, முழங்கால் நோவோடு நடக்கும் ஒரு பாட்டியைப் போல. ஒரு சொல்லும் பேசக் கூடாது. பார்க்கிறவர்களுக்கு விளங்குமா? கட்டாயம் விளங்கும். உங்களில் பரதநாட்டியம் பழகுகிறவர்களுக்கு இது புதிதல்ல. அபிநயத்தில் கண்ணும் கையும்தானே கதை சொல்கின்றன?

நல்ல கார்ட்டூன் கலைஞரும் அதைத்தான் செய்கிறார். ஆனால் அவருக்குத் தன் உடம்பு உதவாது, பென்சில்தான் உதவும். திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடும். 15 நிமிடத்துக்கு எத்தனை? கணக்குப் போடுங்கள்: 21,600. ஒரே ஓவியத்தை இரண்டு தடவை காட்டினாலும் 10,800 ஓவியங்கள் வேண்டும்! கணினி உதவி இல்லாத காலம் அது. பாக் மங்கலான பிளாஸ்டிக் தாளில் நிறப் பென்சிலால் வரைந்தார். அதனால் படம் முழுக்கக் கோடுகள் மெல்ல நடுங்கும், மூச்சு விடுவது போல இருக்கும். அவருடைய மனிதர்கள் ஆடும்போது கவனியுங்கள். ஒருவர் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் என்று அவருடைய காலே சொல்லிவிடும்.

எங்கள் மொழியில் ஓர் அழகான விஷயம் உண்டு. யாழ்ப்பாணத்தில் பேசுவதைக் 'கதைப்பது' என்று சொல்வோம். 'கதை' என்றால் கதை, 'கதைத்தல்' என்றால் பேசுதல். 'கிராக்!' கதைக்காத படம். ஆனால் அதற்குள்ளே பெரிய கதை இருக்கிறது.

இப்போது அம்மம்மாவிடம் வருவோம். நீங்கள் பள்ளியில் பிரெஞ்சு படிக்கிறீர்கள். நண்பர்களோடு பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கதைக்கிறீர்கள். தொலைக்காட்சியில் நீங்கள் சிரிக்கும்போது அம்மம்மாவும் பக்கத்தில் இருந்து சிரிக்கிறா. ஆனால் பல தடவை அவவுக்குப் பகிடி விளங்குவதில்லை, நீங்கள் சிரிப்பதைப் பார்த்துத்தான் சிரிக்கிறா. 'கிராக்!' படத்தில் அந்தத் தொல்லை இல்லை. உங்களுக்கு விளங்குவது எல்லாம் அவவுக்கும் விளங்கும். சில இடங்கள் உங்களைவிட அவவுக்கு நல்லா விளங்கும். "எங்கட வீட்டிலயும் சாய்மனைக் கதிரை ஒண்டு இருந்தது" என்று அவ தொடங்கக்கூடும். தொடங்கினால், படத்தை நிறுத்திவிட்டு அந்தக் கதையைக் கேளுங்கள். படம் எங்கேயும் ஓடிப்போகாது.

இந்தப் படம் கியூபெக்கின் பழைய கிராம வாழ்க்கையைக் காட்டுகிறது. நீங்கள் எங்கள் பகுதியில் உள்ள இல்-து-லா-விசித்தாசியோன் பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். ஆற்றங்கரையில் பழைய ஆலையின் கல் சுவர்கள் நிற்கின்றன அல்லவா? 1726இல் அங்கே ஆலை கட்டினார்கள். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் இன்னும் கிட்டவாக இருக்கும். அங்கேயும் ஒரு காலத்தில் கிராமம்தான் இருந்தது.

எனக்குப் பிடித்த இடம், காவலாளி கதிரையைக் கண்டெடுக்கும் இடம். அந்தக் கதிரையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் படம் இவ்வளவு நன்றாக இருந்திருக்காது. யாரோ ஒருவர் திரும்பவும் அதில் இருந்து ஆடினார், அதனால்தான் அது உயிரோடு இருக்கிறது. வீட்டில் பேசும் தமிழும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை வகுப்பில் மட்டும் எடுத்துத் தூசி தட்டினால் போதாது. சோறு சாப்பிடும்போதும், சண்டை பிடிக்கும்போதும், படம் பார்க்கும்போதும் அது வேண்டும்.

அதனால் ஒன்று செய்யுங்கள். படத்தை முதலில் இசையோடு பாருங்கள். இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு, நீங்களே அம்மம்மாவுக்குத் தமிழில் கதையைச் சொல்லுங்கள். கதிரை என்ன நினைக்கிறது? அதை ஏன் எறிந்தார்கள்? இரவில் அருங்காட்சியகத்தில் என்ன நடக்கிறது? ஒரு சொல் வராவிட்டால் வெட்கப்பட வேண்டாம். "அம்மம்மா, இதுக்குத் தமிழில என்ன?" என்று கேளுங்கள்.

பாக்கின் கைவேலையை நேரிலும் பார்க்கலாம். ஆன்ரி-புராசா நிலையத்தில் ஆரஞ்சுக் கோட்டில் ஏறி, பெரி-யூகாமில் பச்சைக் கோட்டுக்கு மாறி, பிளாஸ்-தே-ஸார் நிலையத்தில் இறங்குங்கள். மொன்றியலின் இசை வரலாற்றை அவர் அங்கே கண்ணாடியில் ஓவியமாகச் செய்திருக்கிறார். 1967ஆம் ஆண்டு செய்தது. அந்தக் கண்ணாடி ஓவியமும் ஒன்றும் கதைக்காது. அதன் முன்னால் நின்று, யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள்.